இனிப்பைக் கழற்றிவிட்ட கொய்யா

பழம் போட்ட பீர் என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. பழம் போட்டால்தான் பீரைத் தொடுவேன் என்கிறவர்களும் உண்டு. இரண்டு கட்சியும் ஒன்றில் மட்டும் ஒத்துப்போகும்: பழ பீர் இனிக்கும். முதல் கட்சி அதனால் ஒதுங்குகிறது, இரண்டாம் கட்சி அதற்காகவே வருகிறது. நான் இப்போது எழுதும் பீர் இரு கட்சிக்கும் தோதுப்படாது. இளஞ்சிவப்புக் கொய்யாக் கூழ் சேர்த்த கோஸே அது. கேனின் மேல் பிளந்த கொய்யாவின் படம். சதை ரோஜா நிறத்தில் மின்னுகிறது. உள்ளே இருப்பதிலோ பேருக்குக்கூட இனிப்பு இல்லை. ஆனால் கொய்யா இருக்கிறது, தாராளமாக.

கோஸே தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஜெர்மனியின் கோஸ்லார் ஊரில் பிறந்து லைப்சிக் நகரில் பேர் வாங்கிய புளிப்பு பீர். பார்லி மால்ட்டோடு, அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியோடு, கோதுமையும் நிறையச் சேரும். கொத்தமல்லி விதையும் உப்பும் போடுவார்கள். தண்ணீர், பார்லி, கசப்புக்காகப் போடும் ஹாப்ஸ் பூ தவிர வேறெதுவும் கூடாது என்று 1516இல் பவேரியாவில் போட்ட சட்டத்தை இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் நாட்டில், உப்புப் போட்ட பீர் ஒன்று பிழைத்துக் கிடந்ததே ஆச்சரியம். முழுசாகப் பிழைக்கவும் இல்லை. அதைக் கடைசியாகக் காய்ச்சிக்கொண்டிருந்த ஆலை 1966இல் மூடப்பட்டது. 1980களில்தான் லைப்சிக்கில் மறுபடி உயிர் வந்தது. அப்புறம் அமெரிக்காவின் சிறு ஆலைகள் அதைக் கையிலெடுத்தன. எடுத்த வேகத்தில் ராஸ்பெரி, மாம்பழம், தர்ப்பூசணி என்று கிடைத்ததையெல்லாம் அதில் கொட்டினார்கள். ஏற்கெனவே புளிப்பும் உப்பும் இருக்கிற பீர். கசப்போ மிகக் குறைவு. பழத்தை மறைக்க அதனிடம் பெரிதாக எதுவும் இல்லை. அதனால்தான் எந்தப் பழத்தையும் அதில் போட்டுப் பார்க்கும் துணிச்சல் வருகிறது.

கிளாஸில் ஊற்றியதும் தெரிவது நிறத்தின் ஏமாற்றம். படத்தில் இருந்த ரோஜா நிறம் எங்கே? வந்தது வெளிறிய பீச் நிறம், கலங்கல். இதில் மோசடி ஏதும் இல்லை, வேதியியல்தான். கொய்யாவின் சிவப்புக்குக் காரணம் லைக்கோபீன்; தக்காளியில் இருக்கும் அதே நிறமி. அது தண்ணீரில் கரையாது. சதைத் துணுக்கோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். சதை தொட்டியின் அடியில் படியும்போது நிறமும் கூடவே போய்விடும். ராஸ்பெரி, செர்ரி விஷயம் வேறு. அவற்றின் நிறமியான ஆந்தோசயனின் தண்ணீரில் கரையும். புளிப்பு ஏறினால் இன்னும் பளிச்சென்று சிவக்கும். ராஸ்பெரி கோஸே ஒன்றையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பார்க்கிற எவருக்கும் கொய்யா இளைத்துப்போனதாகவே தோன்றும். கண்ணை நம்பி மார்க் போட்டால் இந்த பீர் தேறாது.

நுரை எழுந்த வேகத்திலேயே அமர்ந்தது. புளிப்பு பீர்களில் இது சகஜம், அதனால் குறையாக எண்ணவில்லை. கலங்கலுக்குக் கோதுமையின் புரதம் ஒரு காரணம். கொய்யாவின் பெக்டின் இன்னொன்று. ஜாம் இறுகுவதற்கு உதவும் அதே பெக்டின், பீரில் பிடிவாதமான மூட்டத்தைக் கொடுக்கும். சில ஆலைகள் அதை உடைக்க நொதி சேர்ப்பார்கள். இங்கே சேர்த்ததாகத் தெரியவில்லை, அல்லது போதவில்லை. எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை.

மணம்தான் இந்த பீரின் முழு நாடகமும். நன்றாகக் கனிந்த கொய்யாவை மூடிய அறையில் வைத்திருந்தால், கதவைத் திறக்கும்போதே தெரிந்துவிடும் இல்லையா, கிளாஸ் மூக்கருகே வருவதற்குள் அப்படித்தான் வந்து மோதியது. சாறின் மணமாக அது இல்லை, முழுப் பழத்தின் மணம். தோலும், காம்புப் பக்கத்துப் பச்சை வாசமும் அதில் இருந்தன. இரண்டாம் முறை முகர்ந்தபோது அடியில் வேறொன்று தட்டுப்பட்டது. எதிரே உட்கார்ந்திருந்த நண்பன் கிளாஸை வாங்கி முகர்ந்துவிட்டு, "டேய், இதுல பூனை வாடை அடிக்குதுடா" என்றான். சிரித்தேன். ஆனால் அவன் மூக்கு சரியாகவே வேலை செய்கிறது.

விஷயம் கந்தகத்தில் இருக்கிறது. கொய்யா, பாஷன் ஃப்ரூட், கிரேப்ஃப்ரூட் எல்லாவற்றுக்கும் அவற்றின் வெப்பநாட்டு முத்திரையைக் கொடுப்பவை தையால் எனப்படும் கந்தகச் சேர்மங்கள். அவற்றில் சில, லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்கு எட்டிவிடும். நானோகிராம் என்றால் ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. சோவின்யோன் பிளாங்க் ஒயினில் அடிக்கும் கொய்யா வாசமும் இந்தக் குடும்பம்தான். குறைவான அளவில் பழம்; அளவு மீறினால் வியர்வை; இன்னும் மீறினால் நண்பன் சொன்ன பூனை. ஒரே பொருள்தான், அளவுதான் வேறு. ஆக, 'பூனை வாடை' என்று ஒருவரும் 'அடடா, கொய்யா' என்று இன்னொருவரும் ஒரே கிளாஸைப் பற்றிச் சொன்னால் இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவர் மூக்கின் எல்லைக்கோடும் வேறு வேறு இடத்தில் இருக்கிறது. எனக்கு அந்த லேசான அழுக்கு வாடை பிடித்திருந்தது. அது இல்லாத கொய்யா வாசம் சோப்பில்தான் வரும்.

சரி, வாய்க்கு வருவோம்.

முதலில் புளிப்பு. எலுமிச்சையின் குத்தும் புளிப்பு இல்லை; உருண்டு வரும், ஓரம் மழுங்கிய புளிப்பு. லாக்டிக் அமிலம் அப்படித்தான். கோஸேவை இன்று பெரும்பாலானவர்கள் சாறு காய்ச்சும் கெட்டிலிலேயே புளிக்கவைக்கிறார்கள்: ஹாப்ஸ் போடும் முன்பு, இனிப்பான மால்ட் சாறை 35 முதல் 45 டிகிரி வரையான சூட்டில் வைத்து லாக்டோபாசிலஸ் பாக்டீரியாவை விடுவார்கள். ஓரிரு நாளில் வேண்டிய அளவு புளித்துவிடும். பிறகு கொதிக்கவைத்தால் பாக்டீரியா செத்துவிடும், புளிப்பு மட்டும் தங்கும். அதற்குப் பிறகுதான் சர்க்கரையை ஆல்கஹாலாக்கும் ஈஸ்ட்டின் முறை. ஹாப்ஸை முதலிலேயே போடாததற்கும் காரணம் உண்டு. ஹாப்ஸின் கசப்பு இந்தப் பாக்டீரியாவை வளரவிடாது. புளிப்பு பீர்களில் கசப்பைக் காணோமே என்று தேடுகிறவர்களுக்கான பதில் இதுதான்.

புளிப்பு அடங்கியதும் கொய்யா வரும் என்று நாக்கு காத்திருக்கிறது. வருவது கொய்யாவின் துவர்ப்பு! செங்காயைக் கடித்தால் கன்னத்தின் உட்பக்கம் லேசாகச் சுருங்குமே, அந்த உணர்வு. நாக்கின் இரு ஓரத்திலும் காறல் மாதிரி ஒரு பிடிப்பு. இனிப்பைத் தேடிப் போன நாக்கு அங்கே ஒன்றும் கிடைக்காமல் திரும்புகிறது. அதே நேரம் மூக்குக்குள் பழுத்த கொய்யா நிறைந்து கிடக்கிறது. வாய் 'காய்' என்கிறது, மூக்கு 'கனி' என்கிறது. பழமாகத் தின்னும்போது இரண்டும் இப்படிப் பிரிந்து நிற்பதே இல்லை.

காரணம் எளிது. கொய்யாவில் இருக்கும் சர்க்கரை குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ், சுக்ரோஸ். மூன்றும் ஈஸ்ட்டுக்குப் பிடித்த தீனி. நொதிக்கும் தொட்டியில் கூழைக் கொட்டினால், அடங்கிக்கிடந்த ஈஸ்ட் மறுபடி கிளம்பிச் சர்க்கரையைத் துடைத்து எடுத்துவிடும். அது தொடாமல் விடுவது பழத்தின் அமிலம், துவர்ப்பைத் தரும் தோலின் டானின், அப்புறம் மணத்தில் ஒரு பகுதி. மணத்திலும் கொஞ்சம் கரியமில வாயுவோடு பறந்துபோகும். ஆக பழ பீரில் நாம் குடிப்பது சதை கரைந்து எலும்பு தெரியும் பழத்தை. இதை மனதில் வைத்துக்கொண்டால் எந்தப் பழம் பீருக்குச் சரிவரும், எது வராது என்பதைக் குடிக்காமலே ஓரளவு சொல்லிவிடலாம். இனிப்பை எடுத்துவிட்டால் பழத்தில் மிச்சம் என்ன இருக்கிறது? செர்ரிக்குப் புளிப்பும் கொட்டையின் வாசமும் இருக்கின்றன. பாஷன் ஃப்ரூட்டுக்கு எல்லாமே இருக்கிறது. தர்ப்பூசணிக்கு? தண்ணீர்தான். தர்ப்பூசணி பீர் என்று நான் குடித்தவற்றில் பெரும்பாலானவை வெள்ளரிக்காய் நனைத்த தண்ணீராகவே முடிந்தன. கொய்யாவுக்கு மணமும் இருக்கிறது, துவர்ப்பும் இருக்கிறது. நல்ல எலும்பு.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது, யாரும் செய்யலாம். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு மிடறு குடியுங்கள். புளித்த, லேசாக உப்புக் கரிக்கும், துவர்க்கும், நுரைக்கிற ஒரு திரவம், அவ்வளவுதான். கொய்யாவா, அன்னாசியா என்று சொல்லவே முடியாது. விழுங்கிவிட்டு மூக்கை விடுங்கள். தொண்டையின் பின்வழியாக மணம் ஏறி, ஒரே நொடியில் கொய்யா வாய் முழுக்க வந்துவிடும். வாயில் வந்த மாதிரி தோன்றும், அவ்வளவே. உண்மையில் அது மூக்கில்தான் நடக்கிறது. அந்த மணத்தை ஆயிரம் முறை இனிப்போடு சேர்த்தே பழகிய மூளை, இல்லாத இனிப்பையும் கொஞ்சம் கூட்டிக் காட்டுகிறது. இரண்டாவது மிடறில் லேசாக இனித்ததாக நான் குறித்துவைத்திருந்தேன். மூக்கைப் பொத்தியதும் அந்த இனிப்பு காணாமல் போனது.

உப்பைப் பற்றிப் பேசாமல் கோஸே பற்றிப் பேச முடியாது. நல்ல கோஸேவில் உப்பு உப்பாகத் தெரியக்கூடாது என்பது என் கட்சி. இதில் தெரியவில்லை. குடித்து முடித்து, உதட்டை நக்கும்போது மட்டும் லேசாகத் தட்டுப்படுகிறது. ஆனால் அது செய்கிற வேலை பெரிது. சோடியம் கசப்பைத் தணிக்கும், கசப்பு தணிந்தால் மற்ற சுவைகள் கொஞ்சம் முன்னுக்கு வரும். துவர்ப்பு இவ்வளவு இருந்தும் இந்த பீர் வாயை வறளவிடாமல் அடுத்த மிடறுக்கு இழுப்பதற்கு உப்புதான் பொறுப்பு என்று நினைக்கிறேன்.

கொத்தமல்லி விதையிடம்தான் எனக்குச் சண்டை. விதையின் வாசத்தில் முக்கால்வாசி லினலூல். பூவும் எலுமிச்சைத் தோலும் கலந்த மணம். சாதாரண கோஸேவில் அது அழகு. இங்கே கொய்யாவும் அதுவும் ஒரே நேரத்தில் பேச வருகின்றன. மிடறின் நடுவில், புளிப்பு இறங்கிக் கொய்யா ஏறும் அந்தக் கணத்தில், கொத்தமல்லி குறுக்கே வந்து நிற்கிறது. கோஸே என்று பேர் போட்டால் கொத்தமல்லி போட்டே ஆக வேண்டும் என்று யாரோ விதியைப் பார்த்துப் போட்டமாதிரி இருக்கிறது. போடட்டும், பாதியாகக் குறைத்துப் போடலாம்.

குளிர்ச்சி இன்னொரு விஷயம். பிரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு, அதாவது எடுத்த குளிரோடு, குடித்தால் இது வெறும் புளிப்புத் தண்ணீர். மணம் மேலே வரவே வராது. கிளாஸை உள்ளங்கையில் வைத்து, பத்து டிகிரி வாக்கில் வந்த பிறகுதான் நான் மேலே எழுதிய எல்லாமே நடந்தன. அதற்கும் மேல் சூடேறவிட்டால் புளிப்பு தொளதொளத்துப்போய், அடியில் பிரெட் மாவு வாசம் தலைகாட்டுகிறது. வாய் குறுகிய டியூலிப் கிளாஸ் இருந்தால் நல்லது. ஒயின் கிளாஸும் போதும். கேனிலிருந்து நேராகக் குடிப்பது இந்த பீரைப் பொறுத்தவரை காசை வீணாக்குவது, ஏனென்றால் மூக்குக்கு அங்கே வேலையே இல்லை.

ஆல்கஹால் 4.5 சதவீதம். பழம் சேர்த்தால் ஆல்கஹால் ஏறும் என்று பலர் நம்புகிறார்கள். ஏறவேண்டுமென்றால் பழம் மால்ட் சாறைவிட இனிப்பாக இருக்கவேண்டும். கொய்யாக் கூழ் அப்படி இல்லை. அதில் பெரும்பகுதி தண்ணீர். கூழ் ஊற்ற ஊற்ற ஆல்கஹால் ஏறுவதற்குப் பதிலாகக் கொஞ்சம் நீர்த்தே போகும்.

இதற்கு நேர் எதிர்த்திசையில் ஒரு கூட்டம் போய்க்கொண்டிருக்கிறது: ஸ்மூதி சவர். நொதித்தல் முடிந்த பிறகு பழக் கூழை லிட்டர் கணக்கில் கலந்து, ஈஸ்ட் அதைத் தொடுவதற்குள் குளிரவைத்து அடைத்துவிடுவார்கள். கிளாஸில் கரண்டி நிற்கும். இனிப்பு, நிறம், மணம் எல்லாம் கேன் படத்தில் காட்டியபடியே இருக்கும். இருக்காதா பின்னே, அது கூழ்தானே! ஈஸ்ட்டை முழுசாக நீக்காமலோ கொல்லாமலோ அடைத்தால், கேன் குளிர்ச்சியிலிருந்து வெளியே வந்ததும் உள்ளே நொதித்தல் மறுபடி தொடங்கும். வாயு பெருகிக் கேன் உப்பும், வெடிக்கவும் செய்யும். 'குளிரிலேயே வைக்கவும்' என்று கேனில் பெரிய எழுத்தில் இருந்தால் அதை ருசிக்கான அறிவுரை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்மூதி சவர் குடிக்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதில் பழமும் பீரும் ஒன்றையொன்று மாற்றவில்லை. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். எனக்கு அதில் சுவாரசியம் குறைவு.

பழத்தை நிஜமாகவே பீராக மாற்றியவர்கள் பெல்ஜியத்தின் லாம்பிக்காரர்கள். பிரஸ்ஸல்ஸையும் அதைச் சுற்றிய பகுதியையும் சேர்ந்த அவர்கள், காற்றில் இருக்கும் ஈஸ்ட்டையும் பாக்டீரியாவையும் நம்பிக் காய்ச்சிய பீரை மரப் பீப்பாயில் வைத்து, புளிப்புச் செர்ரியைக் கொட்டையோடு போட்டு மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள். அதுதான் க்ரீக். சர்க்கரை துளியும் மிஞ்சாது. கொட்டையிலிருந்து பாதாம் வாசம் இறங்கியிருக்கும். இனிப்பூட்டி விற்கும் க்ரீக்கும் உண்டு, அதைச் சொல்லவில்லை. நான் குடித்த கொய்யா கோஸேவுக்கு அந்த ஆழம் கிடையாது, அதற்கு அந்த வயதும் கிடையாது. வாரக்கணக்கில் முடிந்த வேலை. ஆனாலும் சேர்ந்த கட்சி லாம்பிக்கின் கட்சிதான்.

இன்னொரு சந்தேகம் குடித்துக்கொண்டிருக்கும்போதே வந்தது. இதில் கொய்யாவிலிருந்து வந்த கொய்யா எவ்வளவு? கேட்கச் சிரிப்பாக இருக்கும். பழமே படாத ஜெர்மன் கோதுமை பீரில் வாழைப்பழம் மணக்கிறது. அது ஈஸ்ட் உண்டாக்கும் ஐசோஅமைல் அசிடேட். சிட்ரா, மோசைக் மாதிரியான ஹாப்ஸ் போட்டால் மாம்பழமும் பாஷன் ஃப்ரூட்டும் மணக்கும். போதாதென்று, மால்ட்டிலும் ஹாப்ஸிலும் கட்டுண்டு மணமில்லாமல் கிடக்கும் தையால்களை அவிழ்த்துவிடுவதற்கென்றே மரபணுவைத் திருத்திய ஈஸ்ட்டுகளும் இப்போது விற்பனைக்கு வந்துவிட்டன. அவற்றை வைத்து ஒரு கொய்யாகூட வாங்காமல் கொய்யா பீர் செய்யலாம்.

அதனால் ஹாப்ஸால் மட்டும் கொய்யா மணக்கிற ஒரு பேல் ஏலை (ஹாப்ஸ் தூக்கலான வெளிர்நிற பீர்) வாங்கி இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் முகர்தலில் பேல் ஏல் ஜெயித்தது. கூர்மையான, பளிச்சென்ற கொய்யா. ஆனால் விழுங்கியதும் காலி. பின்னால் ஹாப்ஸின் கசப்பு மட்டும் நிற்கிறது. கோஸேவின் கொய்யா அவ்வளவு கூர்மை இல்லை. சூடுபடுத்திப் பதப்படுத்திய கூழுக்கே உரிய ஜாம் வாடை கொஞ்சம் அதில் கலந்திருக்கிறது. ஆனால் அதற்குப் பின்னால் தோலின் துவர்ப்பு வருகிறது, அந்தப் பச்சை வாசம் வருகிறது. மணத்தை ஹாப்ஸிடம் கடன் வாங்கலாம், துவர்ப்பை வாங்க முடியாது. பழம் உண்மையிலேயே போட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டுமானால் மூக்கை விட்டுவிட்டு நாக்கின் ஓரத்தைக் கேட்பதே நல்லது.

அதே பீரின் பழைய கேன் ஒன்றும் பிறகு கையில் கிடைத்தது. அடைத்துப் பல மாதம் ஆனது. புளிப்பும் உப்பும் அப்படியே இருந்தன. கொய்யாவில் பாதி போயிருந்தது, அதுவும் சரியாக எந்தப் பாதியை நான் விரும்பினேனோ அது. தையால்கள் ஆக்சிஜனுக்குத் தாக்குப்பிடிக்காதவை. பச்சை வாசமும் பூனையும் போய், ஜாம் மட்டும் மிஞ்சியிருந்தது. நண்பனுக்கு இது முந்தையதைவிடப் பிடித்தது, அது வேறு கதை. கேன் அடியில் அடைத்த தேதி இருந்தால் பார்த்து வாங்குங்கள். தேதி போடாத கேனை நான் தொடுவதில்லை.

மறுபடி வாங்குவேனா? வாங்குவேன், ஆனால் ஒரு வேளைக்கு ஒரு கேன்தான். அதற்கு மேல் பல் கூசுகிறது. காய்ச்சியவர் கேட்டால் சொல்ல என்னிடம் பட்டியல் இருக்கிறது: கொத்தமல்லியைக் குறைக்கட்டும், கூழோடு கொஞ்சம் தோலையும் சேர்க்கட்டும், உப்பில் கை வைக்கவேண்டாம். கேன் படத்தில் பழுத்த கொய்யாவுக்குப் பதில் பாதி பழுத்ததைப் போட்டால் வாங்குகிறவர்கள் இனிப்பை எதிர்பார்த்துத் திறந்துவிட்டுத் திட்டமாட்டார்கள். விற்பனை குறையலாம்.